துலக்கமும் தூய்மையும்

பித்தளை மின்னுவதைக் காண்பதில் மனித மனத்துக்கு ஓர் இன்பம் உண்டு. குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கும் இல்லத்தரசியும், கப்பலின் மணியைத் துணிகொண்டு தேய்க்கும் மாலுமியும், சீருடைப் பொத்தானை மெருகேற்றும் படைவீரனும் தொழிலால் வேறுபட்டவர்கள். எனினும், கறுத்துக் கிடந்த உலோகம் பொன்னிறம் கொண்டு எழும்போது அவர்கள் அடையும் நிறைவு ஒன்றே. அது கண்ணின் நிறைவு மட்டும் அன்று. ஒரு கடமை செவ்வனே முடிந்தது என்னும் எண்ணமும் அதனுள் கலந்திருக்கிறது. பொருள் ஒளிர்கிறது, ஆகவே அது தூயது. அது தூயது; ஆகவே அதனைத் துலக்கியவன் நல்லவன். இவ்வாறு மனம் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவிவிடுகிறது. இந்தத் தாவல் முறையானதுதானா? துலக்கம் தூய்மை ஆகுமா? தூய்மை நன்மை ஆகுமா? எளியனவாகத் தோன்றினும் இவை ஒழுக்கவியலின் அடித்தளத்தைத் தொடும் வினாக்களாகும்.

இவற்றை ஆராய்வதற்கு விளக்கு ஏற்ற பொருள் அன்று. விளக்கு இருளை நீக்கவே ஏற்றப்படுவதால் வினாவின் கூர்மை அங்கே மழுங்கிப்போகிறது. நன்மைக்கும் தீமைக்கும் ஒருங்கே பயன்படவல்ல ஒரு பித்தளைப் பொருளை எடுத்துக்கொள்வதே தக்கது. துப்பாக்கித் தோட்டாவின் கூடு அத்தகையது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் துப்பாக்கியும் தோட்டாவும் கடுமையான சட்டங்களுக்கு உட்பட்டவை. பொதுமக்களுள் பெரும்பாலோர் ஒரு தோட்டாவைக் கையால் தொட்டும் அறியார். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ நிலைமை வேறு. அங்கே இலக்குச் சுடுதலிலும் வேட்டையிலும் ஈடுபடுவோருள் பலர், சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவித் துலக்கி, மீண்டும் மருந்திட்டுப் பயன்படுத்துகின்றனர். வீட்டின் ஒரு மூலையில், ஒரு மேசையின் மேல் நடைபெறும் கைத்தொழில் அது. அத்தொழிலின் முதற்படியாகிய கழுவுதல் ஒன்றே, மேற்கண்ட வினாக்களுக்கு வியப்பூட்டும் விளக்கங்களைத் தருகிறது.

தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள் உண்டு. முனையில் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் தட்டியவுடன் பொறி தரும் சிறு தீமூட்டி, இம்மூன்றையும் தாங்கி நிற்கும் பித்தளைக் கூடு. அக்கூடு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. சுடும் கணத்தில் மருந்து எரிந்து எழும் வளியின் அழுத்தத்தால் கூடு விரிந்து, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வளி பின்புறம் கசியாமல் அடைக்கிறது. அடுத்த கணமே சற்றுச் சுருங்கி வெளிவர இடம் தருகிறது. 1906ஆம் ஆண்டு அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட துப்பாக்கித் தோட்டாவுக்கு இன்று வரையறுக்கப்பட்டுள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 60,000 இராத்தல். மகிழுந்துச் சக்கரத்தில் அடைக்கப்படும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 30 இராத்தல்தான் என்பதை எண்ணினால், அந்த மெல்லிய பித்தளைச் சுவர் எத்தகைய சோதனையைத் தாங்குகிறது என்பது விளங்கும். விரிந்து கொடுத்து மீளும் இயல்பு உடையதாலேயே அது மறுமுறையும் பயன்படுகிறது.

புறமும் அகமும்

சுட்ட கூட்டின் புறத்தே மங்கலும் அகத்தே கரியும் படிகின்றன. அவற்றை நீக்க இருவகை முறைகள் உள்ளன. முதலாவது உலர்முறை. சோளக்கதிரின் தக்கையையோ வால்நட் கொட்டையின் ஓட்டையோ சிறு துணுக்குகளாக நொறுக்கி, அதிரும் கிண்ணத்தில் கூடுகளோடு சேர்த்துக் குலுக்குவது அது. சில மணி நேரத்தில் கூட்டின் வெளிப்புறம் பளபளவென்று மின்னும். ஆனால் உட்புறக் கரியிலும் தீமூட்டி பதிந்திருந்த குழியிலும் பெரும்பகுதி அப்படியே எஞ்சியிருக்கும். கண்ணுக்கு இன்பம், உள்ளே பழைய புகை.

இரண்டாவது நீர்முறை. பழைய தீமூட்டிகளை முதலில் அகற்றிவிட்டு, இரப்பர் பூசிய உருளை ஒன்றில் கூடுகளை இடுகின்றனர். 15 இராத்தல் கொள்ளும் உருளையாயின் கூடுகள் 2 இராத்தல், துருப்பிடிக்காத எஃகு ஊசிகள் 5 இராத்தல், மீதி நீர் என்பது வழக்கமான அளவு. பாத்திரம் துலக்கும் சோப்புநீர் சில துளியும், எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகையும் சேர்க்கின்றனர். விளக்குக்குப் புளி செய்வதையே இங்கு இந்த அமிலம் செய்கிறது. ஊசி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். தடிப்பு 1 மில்லிமீட்டரைச் சற்றே மிகும். மூடிய உருளை மெல்லச் சுழல்கிறது. ஆயிரக்கணக்கான ஊசிகள் கூட்டின் வாய்வழியே உள்ளே புகுந்து, சுவரை உரசி, அடிக்குழியின் மூலைகளையும் தொட்டு வெளிவருகின்றன. சில மணி நேரம் கழித்துத் திறந்தால் கூடு புறத்தைப் போலவே அகத்திலும் புதிதாய் இருக்கும்.

புறத்தைத் தூய்மை செய்ய நீர் போதும் என்றும், அகத்தின் தூய்மைக்கு வாய்மை வேண்டும் என்றும் வள்ளுவர் வேறுபடுத்தினார். பித்தளைக்கு வாய்மை இல்லை. ஆனால் அங்கும் நீர் மட்டும் போதவில்லை என்பது கருதத்தக்கது. உள்ளே நுழையக்கூடிய ஒன்று வேண்டியிருந்தது. அந்த ஊசியின் இயல்பையும் நோக்கவேண்டும். எஃகு பித்தளையைவிடக் கடினமானது. பெரிய எஃகுத் துண்டு ஒன்றால் தேய்த்திருந்தால் கூடு கீறிச் சிதைந்திருக்கும். ஊசியோ சிறியது, எடை குறைந்தது, சோப்புநீரின் வழுக்கலில் நழுவிச் செல்வது. அதன் ஒரு தொடுதல் எதையும் செய்வதில்லை. பல்லாயிரம் தொடுதல்கள் கரியை அகற்றிவிடுகின்றன. மனிதரைத் திருத்தும் முயற்சியும் இத்தகையதே. ஒரு நாளின் பெருங்கண்டனம் உள்ளத்தைக் கீறுகிறது. பல நாளின் சிறு சொற்கள், உரிய இடத்தில் உரிய மென்மையோடு தொட்டவை, கை எட்டாத மூலையையும் சென்றடைகின்றன. நல்லாசிரியர் எவரும் இதனை அறிவர்.

அளவு மீறும்போது இந்த மென்மையும் தீங்காகும். தேவைக்கு மேல் நெடுநேரம் சுழன்றால், கூடுகள் ஒன்றோடொன்று மோதி அவற்றின் வாயோரம் மழுங்குகிறது. அமிலம் மிகுந்தால் மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்து, பித்தளை செம்பின் இளஞ்சிவப்பு நிறம் கொள்கிறது. அழுக்கை நீக்கப் புகுந்தது பொருளையே அரிக்கத் தொடங்குகிறது. திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை அறியாதவன் கையில் தூய்மையும் ஒரு நோயாகிவிடுகிறது.

அழுக்கும் அழுத்தமும்

ஒளிரும் கூடு உறுதியான கூடா என்பதே அடுத்த வினா. இதற்குத் தொழில் அறிந்தவர் தரும் விடை, அன்று என்பதே. ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை சிறிது முன்னோக்கி இழுபடுகிறது. அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் உட்புறமாக மெலிகிறது. பலமுறை பயன்பட்ட கூடு ஒருநாள் அந்த இடத்தில் இரண்டாகப் பிளந்துபோகக்கூடும். எவ்வளவு கழுவினாலும் அந்த மெலிவு நீங்காது. அதனைக் கண்டறிய மெல்லிய கம்பி ஒன்றின் முனையை வளைத்துக் கூராக்கி, கூட்டின் உள்ளே செலுத்தி, சுவரோடு ஒட்டி மெல்ல இழுக்கின்றனர். சுவர் மெலிந்த இடத்தில் முனை இடறும். ஒளி காட்டாததை விரல்நுனியின் உணர்வு காட்டுகிறது. இடறிய கூடு எவ்வளவு அழகாக மின்னினாலும் கழிக்கப்பட வேண்டியதே.

இதனினும் நுட்பமான பாடம் ஒன்று இந்திய நாட்டின் மழைக்காலத்திலிருந்து கிடைத்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவிலிருந்த படைகளின் தோட்டாக் கூடுகள், பயன்படுத்தப்படாமல் சேமிப்பில் இருக்கும்போதே வெடித்துப் பிளந்தன. பருவமழைக் காலத்தில் இக்கேடு மிகுந்ததால் இதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்றே பெயர் வழங்கலாயிற்று. பின்னர் 1921ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் இதன் காரணத்தை விளக்கினர். குதிரை இலாயங்களில் விலங்கின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக் காற்றில் கலந்து பித்தளையைத் தாக்கியது. ஆனால் அம்மோனியா மட்டும் குற்றவாளி அன்று. கூடு உருவாக்கப்பட்டபோது அதனை இழுத்தும் நெருக்கியும் வடித்ததால் உள்ளே தங்கிவிட்ட அழுத்தமே மூலகாரணம். உள்ளழுத்தம் இல்லாத பித்தளையை அம்மோனியா அவ்வாறு பிளப்பதில்லை. இதற்குக் கண்ட தீர்வு துலக்குதல் அன்று. அளவாகச் சூடேற்றி உள்ளழுத்தத்தைத் தளர்த்துதலே ஆகும். அம்மோனியா கலந்த மெருகுப் பொருள்களைத் தோட்டாக் கூட்டுக்குப் பயன்படுத்தலாகாது என்று தொழில் அறிந்தவர்கள் இன்றும் எச்சரிக்கின்றனர். பளபளப்பைத் தரும் பொருளே பிளவையும் தரக்கூடும் என்பது அதன் பொருள்.

அழுக்கு வேறு; அழுத்தம் வேறு. முன்னது வெளியிலிருந்து வந்து படிவது, கழுவினால் போகும். பின்னது உருவாகும்போதே உள்ளே தங்கிவிடுவது, கழுவினால் போகாது. மனிதர்பால் காணப்படும் குறைகளிலும் இவ்விருவகை உண்டு. வகுப்பில் முரண்டு பிடிக்கும் சிறுவனின் குறை சில வேளை அழுக்கு, அறிவுரையால் நீங்கும். சில வேளை அது அழுத்தம். வீட்டின் வறுமை, தந்தையின் குடி, தாயின் கண்ணீர் ஆகியவை அவன் உருவாகும் காலத்திலேயே உள்ளே விட்டுச்சென்றது. அதனை அழுக்கென்று கருதி மேலும் மேலும் தேய்ப்பவர், பிளவை விரைவுபடுத்துகிறார். அவனுக்கு வேண்டியது வெதுவெதுப்பான அன்பும் காலமும் ஆகும்.

அப்படியாயின் கழுவுவதில் பயனே இல்லையா? உண்டு. கரி படிந்த கூட்டில் மயிரிழை வெடிப்பு மறைந்திருக்கும். கழுவிய கூட்டில் அது கண்ணுக்குத் தெரியும். கழுவுதலின் உண்மையான பயன் அழகு தருவது அன்று. குறை காண இடம் தருவது. தூய்மை என்பது தீர்ப்பு ஆகாது. அது ஆய்வுக்குத் திறக்கும் வாயில். வாயிலில் நின்று மகிழ்ந்து திரும்பிவிடுபவன் உள்ளே எதையும் காண்பதில்லை.

எஞ்சி நிற்பவை

கழுவி முடித்தபின் இரண்டு பொருள்கள் எஞ்சுகின்றன. ஒன்று ஊசி, மற்றொன்று நீர்.

ஊசிகளைச் சல்லடையிட்டுப் பிரித்து, சிதறியவற்றைக் காந்தத்தால் திரட்டுகின்றனர். எனினும் ஓரிரண்டு ஊசிகள் கூட்டின் கழுத்திலோ அடித்துளையிலோ சிக்கிக் கொள்வதுண்டு. கவனியாது மருந்திட்டால், தூய்மை செய்ய வந்த ஊசியே தோட்டாவினுள் அந்நியப் பொருளாகத் தங்கிவிடும். ஆதலால் ஒவ்வொரு கூட்டையும் கவிழ்த்துத் தட்டி, வெளிச்சத்தில் பிடித்து உள்நோக்குவது கட்டாயமாகும். ஒழுக்க வாழ்விலும் இவ்விடர் உண்டு. நோன்பும் கட்டுப்பாடும் தன்னாய்வும் மனத்தைத் தூய்மை செய்யும் கருவிகள். வேலை முடிந்தபின்னும், நோன்பு நோற்றேன் என்னும் செருக்காக அவை உள்ளே சிக்கிக்கொண்டால், அவை நீக்கிய அழுக்கைவிட அவையே பெருங்கேடாகும்.

நீரைப் பற்றிய செய்தி இன்னும் கடுமையானது. பெரும்பாலான தீமூட்டிகளில் காரீயச் சேர்மம் உள்ளது. அது எரிந்த எச்சமும் கூட்டின் கரியில் கலந்திருக்கிறது. உலர்முறையில் அது தூசியாகப் பறந்து மூச்சில் புகுகிறது. நீர்முறையில் தூசி எழுவதில்லை என்பது ஒரு பெருநன்மை. ஆனால் அந்தக் காரீயம் மறைந்துவிடவில்லை; கறுத்த நீரில் கலந்திருக்கிறது. காரீயத்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. அதிலும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பெரிதும் கெடுக்கிறது. அந்த நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுபவன் கூட்டைத் தூய்மை செய்து தன் இல்லத்தை மாசு செய்கிறான். தோட்டத்தில் ஊற்றுபவன் மண்ணுக்குக் கடன் வைக்கிறான். ஆதலால்தான் பொறுப்புள்ளவர்கள் கையுறை அணிந்து, அந்நீரைத் தனியே சேர்த்து, நச்சுக் கழிவுக்குரிய வழியில் ஒப்படைக்கின்றனர். அழுக்கு அழிவதில்லை, இடம் மாறுகிறது. ஒருவன் தூயவன் ஆனபோது அவன் அழுக்கு எங்கே சென்றது, யார் தலையில் விழுந்தது என்று கேட்காத தூய்மை அரைத் தூய்மையே.

பயன் என்னும் இறுதிச் சோதனை

இனி மூன்றாவது வினா எஞ்சியுள்ளது. கூடு தூயது, உறுதியானது, ஊசியும் நீங்கியது, நீரும் முறையாக அகற்றப்பட்டது. அத்தனையும் செவ்வையாகச் செய்தவனின் செயல் அறச்செயல் ஆகிவிடுமா?

அமெரிக்க வரலாறே இதற்கு விடை கூறுகிறது. அந்நாட்டின் பெரும் புல்வெளிகளில் பைசன் என்னும் காட்டெருதுகள் ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் மேய்ந்தன. 1870களில் தோல் வாணிகத்துக்காக வேட்டையாடியோர் அவற்றைக் கூட்டங்கூட்டமாகச் சுட்டு வீழ்த்தினர். அவ்வேட்டைக்காரருள் பலர் சுட்ட கூடுகளைச் சேமித்து, தங்குமிடத்தில் அமர்ந்து மீண்டும் மருந்திட்டு நிரப்பிக்கொண்டனர். நகரம் தொலைவில், தோட்டாவின் விலை அதிகம், ஆகவே ஒரு கூட்டையும் வீணாக்கலாகாது என்பது அவர்தம் சிக்கனம். அதே மனிதர்கள் தோலை உரித்துக்கொண்டு, மலைபோல் கிடந்த இறைச்சியை வெயிலில் அழுக விட்டனர். பித்தளைக்குக் காட்டிய சிக்கனத்தை உயிருக்குக் காட்டவில்லை. அவ்விலங்கையே உணவாகவும் உடையாகவும் உறையுளாகவும் கொண்டு வாழ்ந்த லகோட்டா, செயென் முதலிய பழங்குடி மக்களின் வாழ்வும் அதனோடு சரிந்தது. 1889இல் விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்து வெளியிட்டபோது எஞ்சியிருந்த காட்டெருதுகளின் தொகை 1,091. அந்த வேட்டைக்காரரின் கைத்திறத்தில் குறை காண்பது அரிது. குறை வேறோரிடத்தில் இருந்தது.

நடுநிலையோடு நோக்கின் மறுபக்கமும் உண்டு. 1905இல் அக்காட்டெருதைக் காக்க எழுந்த சங்கத்தின் மதிப்புறு தலைவராக இருந்தவர், வேட்டையில் பெருவிருப்பம் கொண்ட குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட். 1937இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அங்கே துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் வரி, வனவிலங்குகளைப் பேணும் பணிக்கு மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. இன்று கூடுகளைக் கழுவுவோருள் பலர் தாளில் வரைந்த வட்டத்தையன்றி வேறெதையும் சுட்டறியாதவர்கள். எனவே தோட்டாவைத் தொட்டவர் அனைவரும் கொடியவர் என்பதும், கூட்டை மின்னச் செய்தவர் அனைவரும் சான்றோர் என்பதும் ஒருங்கே பிழையாகும்.

கருவிக்கு அறமும் இல்லை, மறமும் இல்லை. பயன்படுத்துபவனே பொறுப்பாளி என்று சிலர் வாதிடுவர். இவ்வாதத்தில் பாதி உண்மை உள்ளது. ஆலையில் ஆயிரவருள் ஒருவனாக நின்று கூடு வடிக்கும் தொழிலாளிக்கு, அது எங்கே சென்று சேரும் என்பது தெரியாது. அவன் பொறுப்பு, அவன் அறிவு எட்டும் எல்லையளவே. ஆனால் தன் வீட்டு மேசையில் தானே கழுவி, தானே நிரப்பி, தானே சுடப்போகிறவனுக்கு அந்த மறைவிடம் இல்லை. தூய்மை செய்யும் கையும் விசையை இழுக்கும் விரலும் ஒருவனுடையவை. மயிரிழை வெடிப்பையும் தேடிக் கண்டறிந்த அதே கண், இத்தோட்டா எதன்மேல் பாயப்போகிறது என்பதையும் நோக்கக் கடமைப்பட்டிருக்கிறது. பாதி வழியில் நின்றுவிடும் கவனம் கவனம் ஆகாது.

கைத்திறத்தில் வரும் செம்மை இழிந்ததன்று. பொறுமை, சிக்கனம், நுண்ணோக்கு ஆகிய நற்பண்புகள் அதனால் வளர்கின்றன. ஆனால் அவை படைக்கலம் போன்ற பண்புகள். எவர் பக்கமும் நின்று போரிடக்கூடியவை. அவற்றை ஏவும் நோக்கம் அறத்தின்பால் நிற்கும்போதே அவை அறம் என்னும் பெயரைப் பெறுகின்றன.

தோட்டாவைத் தொட்டறியாத சமுதாயத்துக்கும் இவ்வாய்வு உரியதே. பள்ளி ஆய்வாளர் வருகிறார் எனின் சுவருக்கு வெள்ளை பூசப்படுகிறது; பதிவேடுகள் சீராக அடுக்கப்படுகின்றன; தோரணம் கட்டப்படுகிறது. அவை வேண்டாதவை அல்ல. ஆனால் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளை ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்கிறதா என்பதை அந்த வெள்ளைச் சுவர் சொல்லாது. அதற்கு வளைந்த கம்பி போன்ற ஒரு வினா வேண்டும். அது எங்கே இடறுகிறது என்று பொறுமையோடு உணரும் விரலும் வேண்டும். சங்கங்களின் ஆண்டறிக்கைக்கும், இல்லங்களின் விழாக்கோலத்துக்கும், தனிமனிதனின் நற்பெயருக்கும் அதே வினா பொருந்தும். உருளையைத் திறந்து ஒளிரும் கூட்டை எடுத்தவுடன் வேலை முடிவதில்லை. உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது.